மேற்கே இன்னும் இரண்டு சங்கிலி

அணைக்கரை தாண்டி, கொள்ளிடம்
கொஞ்சம் வடக்கே ஒடியும் இடம்.
புல எண் 214, உட்பிரிவு 3.
நான் குறுவட்ட அளவர்.
பையில் புலப்பட நகலும் எலுமிச்சைச் சாதமும்.
பிச்சைக்கண்ணு தோளில் பழைய சங்கிலி.
புதுக்கருவி தாலுகா ஆபீஸ் பீரோவில் இருக்கிறது,
சாவி தொலைந்து ஆறு மாதம்.

"மேற்கே இன்னும் ரெண்டு சங்கிலி இழுங்கம்மா"
என்றார் கிரையம் வாங்கிய வைத்திலிங்கம்,
பந்தியில் இன்னும் ரெண்டு அப்பளம் கேட்பதுபோல.

இதை நான் எங்கோ படித்திருக்கிறேன்.
தபால்வழி எம்.ஏ., அமெரிக்க வரலாறு,
பதினைந்து மதிப்பெண் வினா:
ஜேம்ஸ் போல்க்கின் விரிவாக்கக் கொள்கையை விவரி.

விவரித்தேன்.
நில அளவரின் மகன். ஒரே தவணை.
ஆரெகானைப் பேசி வாங்கினார்,
கலிபோர்னியாவை அடித்து வாங்கினார்.
பதவி முடிந்து வீடு போய்
மூன்றே மாதத்தில் வாந்திபேதியில் போனார்.
வாங்கிய மேற்கில் ஒரு பிடி மண்ணை
மிதித்ததுகூட இல்லை.
ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு எழுதினேன்:
அங்கே ஆளில்லா நிலம் பரந்து கிடந்தது.
அந்தத் தாளில் அறுபத்தெட்டு.
வீட்டில் கேசரி செய்தார்கள்.

புத்தகம் சொல்லாத ஒன்றை
வேலைக்கு வந்தபின் தெரிந்துகொண்டேன்.
அறுபத்தாறு அடி, நூறு கண்ணி.
அந்தப் புல்வெளிகளை நறுக்கியதும் இதே அளவு.
அண்ணன் அங்கே புல்லுக்குள் ஊர்ந்தான்,
தம்பி இங்கே தஞ்சாவூர் ஜில்லாச் சேற்றில்
நஞ்சை எது புஞ்சை எது என்று
வரப்பு வரப்பாகக் கேட்டுக்கொண்டே போனான்.
பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர்,
அங்கேயும்தான்.

வைத்திலிங்கத்தின் பத்திரத்தில்
மேற்கு எல்லை: ஆறு.
எந்த ஆறு?
பத்திரம் எழுதிய அன்று ஓடியதா,
ரெண்டாயிரத்தைந்து வெள்ளம் தள்ளிவைத்ததா,
இன்று மணல் லாரிக்கு ஒதுங்கி
நூலாய்ப் போகிறதே, இதா?
நியூசஸ் என்றது மெக்சிகோ,
ரியோ கிராண்டே என்றார் போல்க்.
இரண்டுக்கும் நடுவே பட்டாளத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்.
பிறகு, பாருங்கள், எங்கள் மண்ணில் எங்களைச் சுட்டார்கள் என்றார்.
வைத்திலிங்கம் அவ்வளவு தூரம் போகவில்லை.
ஒரு ஜேசிபி மட்டும் நிழலில் நின்றது.

இரண்டு சங்கிலி மேற்கே
ஒரு கீற்றுக் கொட்டகை,
கவிழ்த்த கோழிக்கூடை, முருங்கை.
படத்தில் அங்கே எழுதியிருப்பது: ஆற்றுப் புறம்போக்கு.
செம்பாயி கரிச்சட்டியைக் கையில் வைத்தபடி நின்றாள்.
"ரெண்டு தடவ போச்சும்மா வீடு.
ரெண்டு தடவையும் ஆறுதான் எடுத்துச்சு.
எடுத்தா, திருப்பிக் குடுத்துரும்."
அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் விதி எண் சொல்லித் தப்பியிருப்பேன்.

சங்கிலியில் எழுபதாவது கண்ணி அறுந்து
கட்டுக்கம்பி போட்டிருக்கிறது.
அரை அங்குலம் கூடுதல்.
அது யார் பக்கம் விழும் என்பது
முளையை யார் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தது.
பிச்சைக்கண்ணு என் முகத்தைப் பார்த்தார்.
நான் கோழியைப் பார்த்தேன்.

இழுத்தோம். இழுக்காமல் முடியாது, மனு வந்திருக்கிறது.
கோடு கொட்டகையின் அடுப்பைத் தொட்டு நின்றது.

அளவைப் புத்தகத்தில், நடுக்கோட்டுக்கு இடப்புறம்
எழுத வேண்டிய வார்த்தை எனக்கு மனப்பாடம்,
அறுபத்தெட்டு வாங்கித் தந்த வார்த்தை.
எழுதவில்லை.
முருங்கை ஒன்று, வயது ஏழு இருக்கலாம்,
தானாய் முளைத்ததல்ல, வைத்தது
என்று எழுதினேன்.

தாசில்தார் அடிக்கலாம்.
பென்சிலில்தான் எழுதினேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.